வீட்டைவிட்டு நகராமலே வலசைக் குருவிகளைப் பார்க்க முடியுமா? (சிங்கப்பூர், தோ பாயோ, நாலாம் மாடி)

நாலாம்மாடி | 3 அக்டோபர், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் எழுதத் தோன்றியது.

ஏப்ரலில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் சரியாக அசையவில்லை. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு நான்தான் கூடவே இருக்கிறேன். முன்பெல்லாம் அக்டோபர் பிறந்துவிட்டால் ஞாயிறு விடியலில் மெக்ரிச்சிக் காட்டுக்கோ டேரி ஃபார்ம் பூங்காவுக்கோ கிளம்பிவிடுவேன். வடக்கிலிருந்து குருவிகள் வந்து இறங்கும் மாதம் அல்லவா. இந்த வருடம் சந்தைக்குப் போய்வரும் அரைமணி நேரம் தவிர வெளியே தலைகாட்ட வழியில்லை.

எங்கள் புளோக் பழையது. அம்மாவின் கட்டிலைச் சன்னலோரம் போட்டிருக்கிறோம். வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு மேல் குடை விரித்த மாதிரி ஒரு தூங்குமூஞ்சி மரம். இன்று காலை ஏழேகாலுக்கு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்த மரத்தில் ஒரு சின்னக் குருவி உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவி அளவு. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை. கண் மட்டும் அந்த முகத்துக்கு மிகப் பெரியது. இருபது நிமிடமாவது இருந்திருக்கும். கஞ்சி ஆறிப்போனது.

அது என்ன குருவி? அப்புறம், இப்படி வீட்டிலிருந்தே இந்தப் பருவத்தைப் பார்ப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

ஈசூன்_கீச்சான் | 3 அக்டோபர், இரவு 10.55

அம்மா நல்லபடியாகத் தேறி வரட்டும்.

ஒரே ஒரு கேள்வி. குருவி பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துவிட்டு, புறப்பட்ட கிளைக்கே திரும்பி வந்ததா?

நாலாம்மாடி | 3 அக்டோபர், இரவு 11.02

ஆமாம் ஐயா! அதே பட்டுப்போன குச்சிக்கு. ஐந்தாறு தடவை.

ஈசூன்_கீச்சான் | 4 அக்டோபர், காலை 6.20

அப்படியென்றால் பழுப்பு ஈப்பிடிப்பான்தான். நிமிர்ந்து உட்காரும், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும், கீழ் அலகின் அடிப்பகுதி மஞ்சளாகத் தெரியும். சைபீரியாவின் தென்பகுதி, வடகிழக்குச் சீனா, ஜப்பான் பக்கமெல்லாம் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்குமுன் தெற்கே இறங்குகிற குருவி. ஒரு குச்சி பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் அதையே வைத்துக்கொள்ளும். அந்தக் குச்சியை நினைவில் வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும். 22 வருடமாக ஈசூனில் ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் மூன்றாம் மாடி முதல் ஆறாம் மாடி வரை இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, பலரும் அதை உணர்வதில்லை. நம் சன்னலும் மரத்தின் உச்சியும் ஒரே உயரம். காட்டுக்குப் போனால் கீழே நின்றுகொண்டு கழுத்து வலிக்க அண்ணாந்து வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். மெக்ரிச்சி பக்கம் ஜெலுத்தோங் கோபுரத்தின் படிகளை ஏறுவதே மரத்தலைப்பின் மட்டத்துக்குப் போகத்தான். உங்களுக்கு அது கட்டிலோரத்திலேயே கிடைத்திருக்கிறது.

ஏன் இங்கே இவ்வளவு வருகின்றன என்றால், வரைபடத்தைப் பாருங்கள். ஆசியக் கண்டம் மலாயாத் தீபகற்பமாகக் குறுகிக் குறுகி நம் தீவில் வந்து முடிகிறது. அதற்கப்பால் கடல், பிறகு சுமத்ரா. ராத்திரி முழுக்கப் பறந்து வருகிற சின்னஞ்சிறு குருவிக்கு விடியும் நேரத்தில் ஒரு மரம் வேண்டும், பூச்சி வேண்டும். அது காட்டு மரமா, கார் நிறுத்துமிடத்து மரமா என்று பார்த்துக்கொண்டிருக்காது. சில இங்கேயே மார்ச், ஏப்ரல் வரை தங்கும். சில இரண்டு நாள் தின்றுவிட்டுக் கடலைத் தாண்டிவிடும்.

இப்போது கண்ணைவிடக் காதைத் தயார் செய்யுங்கள். மரத்துக்குள்ளிருந்து "ட்ஸிட்" என்று ஒரு கூரான ஓசை, சின்னக் கூழாங்கற்கள் இரண்டை உரசியது போல, விட்டுவிட்டு வந்தால் அது ஆர்க்டிக் கதிர்க்குருவி. இலைப்பச்சை முதுகு, கண்ணுக்கு மேலே நீண்ட வெளிர்க் கோடு, ஒரு நொடி ஓயாது. எடை ஏறக்குறைய 10 கிராம். நம் ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம், அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா முழுக்க, பெரிங் நீரிணைக்கு அந்தப்புறம் அலாஸ்காவில்கூட இது கூடுகட்டுகிறது. அலாஸ்காவில் பிறந்ததும் அமெரிக்காவின் தெற்குக்குப் போகாமல் கடல் தாண்டி நம் ஆசியாவுக்குத்தான் வருகிறது. இந்த ஒரு விஷயத்தை நினைத்தாலே எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

பொங்கோல்_மலர் | 4 அக்டோபர், காலை 10.15

அக்கா, நாங்களும் வீட்டிலிருந்துதான் பார்க்கிறோம், 13வது மாடி. மரம் எல்லாம் கீழே கீரைப்பாத்தி மாதிரி தெரியும். ஆனால் தகைவிலான்கள் எங்கள் சன்னல் உயரத்தில்தான் பறக்கின்றன. ஆகஸ்டிலேயே வரத் தொடங்கிவிட்டன.

ஒரு சந்தேகம். இங்கே எப்போதும் பறக்கும் சின்னக் கறுப்புக் குருவிகளையும் இவற்றையும் எப்படிப் பிரிப்பது? மகன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஈசூன்_கீச்சான் | 4 அக்டோபர், பிற்பகல் 1.30

கம்பியில் உட்கார்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்புக் குருவி உழவாரன் இனம், அதன் காலுக்குக் கம்பியில் உட்காரும் அமைப்பு கிடையாது. உட்கார்ந்தால் தகைவிலான் வகை. அதிலும் இரண்டு உண்டு. தொண்டைச் சிவப்புக்குக் கீழே கறுப்புப் பட்டையும் அதற்குக் கீழே வெள்ளை வயிறும் இருந்தால் வடக்கிலிருந்து வந்தது. பட்டை இல்லாமல் வயிறு சாம்பலாக இருந்தால் நம் ஊர்க்குருவி. வாலின் நீளத்தை நம்பாதீர்கள், இளசுகளுக்கு வால் நீண்டிருக்காது.

கோப்பி_ஓ | 4 அக்டோபர், இரவு 8.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம் ஊரில் இலையுதிர்காலமே இல்லை. வெயில், மழை, நடுவில் புகைமூட்டம், இவ்வளவுதான். இங்கே பருவம் மாறுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நாலாம்மாடி | 4 அக்டோபர், இரவு 9.30

இலை உதிர்வதில்லை, சரி. ஆனால் தமிழில் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று தனிப்பெயரே இருக்கிறதே. இலையை வைத்து வைத்த பெயர் இல்லை அது, குளிர்காற்றையும் மழையையும் வைத்து வைத்தது. எனக்கு இந்த ஊரில் கூதிர் வந்ததைச் சொல்வது மூன்று விஷயங்கள்: பிற்பகல் இடிமழை, சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்கு, இந்தக் குருவிகள். காலண்டரைவிட இவை தவறுவதில்லை.

வேதாரண்யத்தான் | 5 அக்டோபர், இரவு 10.48

அக்கா, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். நான் துவாசில் தங்குவிடுதியில் இருக்கிறேன், கப்பல் பட்டறை வேலை. "வீட்டிலிருந்து" என்று தலைப்பைப் பார்த்ததும் எழுதலாமா என்று யோசித்தேன். எனக்கு இப்போது வீடு என்றால் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையும் மூன்றாம் மாடிச் சன்னலும்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோடியக்கரைக்குப் பக்கம். சரணாலயம் 1967ல் அறிவித்தது. ஐப்பசி வந்தால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் வலை கட்டி, பிடித்த பறவையின் காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் நிற்போம். கையில் பிடித்திருக்கும் குருவியின் நெஞ்சு அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதிகம் எதிர்பார்ப்பது உள்ளான், பூநாரைதான் என்றாலும் எனக்குப் பிடித்தது கீச்சான். அறுப்பு முடிந்த வயலில் முள்வேலிமேல் உட்கார்ந்து வாலைச் சுழற்றிக்கொண்டு கத்தும்.

இங்கே வந்த முதல் வருடம் செப்டம்பர் கடைசியில், விடுதிக்கு வெளியே கம்பிவேலியில் அதே கத்தல். பழுப்பு முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை. பழுப்புக் கீச்சான். லாரி ஏற நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன், "நம்ம வேலிக் குருவி இங்கேயும் வந்திருக்கும்மா" என்று. அங்கேயும் வந்துவிட்டது என்றார்.

அது ஒரே வழியில் வருகிற குருவிதானா? ஊருக்கும் இங்கேயும் வருவது எப்படி?

ஈசூன்_கீச்சான் | 6 அக்டோபர், காலை 5.50

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தயங்கியிருக்கவே வேண்டாம்.

இனம் ஒன்று, பாதை வேறு. உங்கள் ஊருக்கு வருவது மத்திய ஆசிய வழித்தடம், நமக்கு வருவது கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வழித்தடம். பழுப்புக் கீச்சான் சைபீரியா, மங்கோலியா, சீனா என்று பரந்து கூடுகட்டுகிறது, குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் போகிறது, இந்தப் பக்கமும் இறங்குகிறது.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். வளையமிட்ட பழுப்புக் கீச்சான்கள் மறு வருடமும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது பதிவாகியிருக்கிறது. வந்து இறங்கியதும் அது அவ்வளவு கத்துவதற்குக் காரணமும் இதுதான்: இந்த வேலி என்னுடையது, வேறு கீச்சான் வராதே என்று எல்லை வகுக்கிறது. நீங்கள் போன வருடம் பார்த்ததே இந்த வருடமும் வந்திருக்கக்கூடும்.

வேதாரண்யத்தான் | 6 அக்டோபர், இரவு 10.10

இந்த வருடமும் அதே வேலி, அதே மூலைக் கம்பம் ஐயா.

அரிசிப்பிடி | 8 அக்டோபர், காலை 9.12

நான் தினமும் சன்னல் விளிம்பில் ஒரு பிடி அரிசியும் ரொட்டித் துண்டும் வைக்கிறேன். புறாவும் மைனாவும்தான் வருகின்றன. இந்த வெளிநாட்டுக் குருவிகள் வர வேறு என்ன வைக்க வேண்டும்? இவ்வளவு தூரம் பறந்து வருபவற்றுக்கு ஒரு வாய் கொடுக்க ஆசை.

தாவரத்தோழி | 8 அக்டோபர், காலை 11.40

உங்கள் ஆசை புரிகிறது. இருந்தாலும் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

முதலில் சட்டம். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்கு உணவிடுவது குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. புறாவும் அதில் சேரும்.

சட்டத்தை விடுங்கள். நாம் இங்கே பேசும் குருவிகள் ஒன்றுகூட அரிசி தின்னாது. ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி, கீச்சான் எல்லாம் பூச்சி தின்பவை. அரிசியால் பெருகுவது புறா, மைனா, ராத்திரியில் எலி. மைனா கூட்டம் சேர்ந்த மரத்தில் பத்து கிராம் குருவிக்கு நிம்மதியாக இரை தேட முடியுமா?

கொடுக்க வேண்டும் என்றால் பூச்சியைக் கொடுங்கள். அதாவது செடி வையுங்கள், மருந்தடிக்காதீர்கள். எங்கள் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை, இட்லிப்பூ, செம்பருத்தி இருக்கின்றன. எலுமிச்சையில் வண்ணத்துப்பூச்சியின் புழு வந்தால் நான் எடுத்து எறிவதில்லை. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள். தீ பிடித்தால் ஆட்கள் ஓட வேண்டிய பாதை அது.

அரிசிப்பிடி | 8 அக்டோபர், பிற்பகல் 3.25

நல்லவேளை சொன்னீர்கள். பூச்சி தின்பவை என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அரிசியை எடுத்துவிட்டேன். தண்ணீராவது வைக்கலாமா? இந்த வெயிலில் தாகமாக இருக்குமே.

தாவரத்தோழி | 8 அக்டோபர், மாலை 6.00

தேங்கிய தண்ணீர் வேண்டாம். நம் ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும், அதற்குள் நாம் மறந்துவிடுவோம்.

நான் செய்வது வேறு. காலை எட்டு மணிக்குள் செடிகளின் இலைகளில் தண்ணீரைத் தெளித்துவிடுவேன், அகலமான இலையாகப் பார்த்து. தேன்சிட்டுகள் அந்த ஈர இலையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கும். அரைமணியில் காய்ந்துவிடும். போன நவம்பரில் ஒரே ஒரு நாள், ஆர்க்டிக் கதிர்க்குருவி ஒன்று செம்பருத்தியில் வந்து அப்படிக் குளித்தது. கையெட்டும் தூரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொங்கோல்_மலர் | 9 அக்டோபர், இரவு 8.50

தொலைநோக்கி வாங்கலாம் என்று இருக்கிறோம். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவது நல்லது, 8ஆ, 10ஆ? கைப்பேசியில் பறவையின் பெயரைக் கண்டுசொல்லும் மெர்லின் செயலி போட்டாயிற்று.

ஈசூன்_கீச்சான் | 9 அக்டோபர், இரவு 9.15

8x32 அல்லது 8x42. 10ல் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பையனுக்குத் தேடிப் பிடிக்கச் சிரமம். மெர்லினில் இருப்பிடம் சிங்கப்பூர் என்று இருக்கிறதா பாருங்கள். அது சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாமல், கண்ணாலும் பார்த்த பிறகு எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற பழக்கம் முக்கியம்: தேதி, மணி, எந்த மரம், என்ன செய்தது. இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவை நாள், நோட்டைத் தொடங்க நல்ல நாள்.

பிடாடாரிவாசி | 12 அக்டோபர், பிற்பகல் 2.40

இந்த இழையை மனைவி காட்டினாள். ஒரே மூச்சில் படித்தேன். நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது பிடாடாரியில் புதிதாகக் கட்டிய வீவக புளோக். 1972 வரை அது இடுகாடு. கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து என்று எல்லாருக்கும் இடம் இருந்தது. என் தாத்தாவின் தம்பியும் அங்கேதான் இருந்தார். 2001க்குப் பிறகு எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். அப்புறம் பத்துப் பதினைந்து வருடம் அந்த இடம் மரமும் புல்லுமாகச் சும்மா கிடந்தது. அந்த வருடங்களில்தான் வலசைக் குருவி பார்ப்பவர்களுக்கு அது பெரிய பெயர் பெற்றது. அரசவால் ஈப்பிடிப்பான், மஞ்சள் இடுப்பு ஈப்பிடிப்பான், பிட்டா என்று அக்டோபரில் வரிசையாக வந்து இறங்கும். நான் வேலைக்குப் போகுமுன் சட்டையில் புல்விதை ஒட்டப் போய் நின்றிருக்கிறேன்.

இப்போது அங்கே வீடுகள். எனக்கு அங்கே வீடு கிடைத்தபோது சந்தோஷமும் இருந்தது, உறுத்தலும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நடுவில் பூங்காவுக்கென்று ஒரு பகுதியை விட்டிருக்கிறார்கள், பழைய மரங்கள் சில நிற்கின்றன. எங்கள் படுக்கையறைச் சன்னலிலிருந்து அந்தப் பக்கம் தெரிகிறது. போன வாரம் ஒரு மஞ்சள் இடுப்பு ஈப்பிடிப்பான், ஆண். மஞ்சள் கரு போன்ற வயிறு, கறுப்பு முதுகு, வெள்ளைப் புருவம். நாலு நிமிடம். பழைய இடத்துக்குத்தான் வந்தது, நடுவில் நாங்கள் குடிவந்திருக்கிறோம்.

இப்போது ஒவ்வொரு காலையும் எட்டு மணி வரை அந்தச் சன்னலில் நிற்கிறேன். எத்தனை வந்தன என்று யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

லென்ஸ்600 | 13 அக்டோபர், காலை 7.30

மஞ்சள் இடுப்பு ஆண் எந்த புளோக், எந்த மரம்? இன்றே வருகிறேன். நாலாம்மாடி அக்காவின் புளோக் எண்ணும் கிடைக்குமா? கைப்பேசியில் குரலைப் போட்டால் இறங்கி வந்துவிடும்.

ஈசூன்_கீச்சான் | 13 அக்டோபர், காலை 7.52

வீட்டு விலாசத்தை யாரும் இங்கே எழுத வேண்டாம்.

குரலைப் போடுவது பற்றி. ராத்திரி முழுக்கப் பறந்து வந்த குருவி, அன்றைக்குத் தின்றால்தான் அடுத்த கடலைத் தாண்டும். அதன் காதில் போட்டியாளன் குரலைப் போட்டு அரைமணி அலைக்கழித்தால், அந்த அரைமணி இரையை அது எங்கே போய்ச் சம்பாதிக்கும்? உங்கள் படத்துக்கு அது கொடுக்கும் விலை. செய்யாதீர்கள் தம்பி.

லென்ஸ்600 | 13 அக்டோபர், காலை 8.40

அப்படி யோசித்ததில்லை ஐயா. மன்னிக்கவும். இனிச் செய்ய மாட்டேன்.

கண்ணாடிவீடு | 21 அக்டோபர், காலை 6.34

அவசரம். யாராவது இருக்கிறீர்களா. எங்கள் கூட்டுரிமை வீட்டின் பால்கனியில் ஒரு பறவை கிடக்கிறது. பச்சை முதுகு, சிறகில் பளீரென்ற நீலம், வயிறு செம்மஞ்சள், வால் குட்டை. உயிர் இருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. என்ன செய்ய? தண்ணீர் ஊற்றவா?

தாவரத்தோழி | 21 அக்டோபர், காலை 6.37

தண்ணீர் ஊற்றாதீர்கள், எதுவும் கொடுக்காதீர்கள். காலணிப் பெட்டி இருக்கிறதா? மூடியில் சின்னத் துளைகள், உள்ளே துணி. துண்டால் மெல்ல மூடி எடுத்து உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டான, சத்தமில்லாத அறை. திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

ஈசூன்_கீச்சான் | 21 அக்டோபர், காலை 6.41

நீலச்சிறகுப் பிட்டா. கண்ணாடியில் மோதியிருக்கிறது. ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகும் நிற்க முடியாவிட்டால் ஏக்கர்ஸ் விலங்கு மீட்புக் குழுவையோ தேசியப் பூங்காக் கழகத்தையோ அழையுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க முயல வேண்டாம்.

கண்ணாடிவீடு | 21 அக்டோபர், காலை 8.26

பெட்டிக்குள் கால் பறண்டும் சத்தம் கேட்டது. கீழே தோட்டத்துக்கு எடுத்துப்போய்ப் புதரோரம் வைத்துத் திறந்தேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தது. பிறகு தாழப் பறந்து புதருக்குள் போய்விட்டது. கை இன்னும் நடுங்குகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருடம் இதே மாதம் இதே பால்கனியில் இதே மாதிரி ஒன்று செத்துக் கிடந்தது. என்னவென்று தெரியாமல் குப்பையில் போட்டேன். இப்போது அது மனதைப் பிசைகிறது.

ஈசூன்_கீச்சான் | 21 அக்டோபர், இரவு 8.10

தெரியாமல் செய்ததற்கு வருந்தாதீர்கள். இனி யாருக்காவது இறந்த பறவை கிடைத்தால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குத் தெரிவிக்கலாம், ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சேர்த்தவற்றிலிருந்துதான் நம் ஊரில் கட்டடத்தில் மோதுபவற்றில் இந்தப் பிட்டா முன்னணியில் இருப்பதும், அக்டோபர், நவம்பரில் அதிகம் என்பதும் தெரியவந்தது.

இது தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தம். மியன்மார், தாய்லாந்துப் பக்கமிருந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் ராத்திரியில் தாழப் பறந்து போகிறது. இவை வழிபார்ப்பது நட்சத்திரத்தையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்து. உயரமான கட்டடத்தின் வெளிச்சம் அதைக் குழப்பி இழுக்கிறது. விடிந்தால் கண்ணாடியில் மரமும் வானமும் தெரிகிறது, குருவிக்கு அது நிஜ மரம்.

செய்யக்கூடியது எளிது. இந்த இரண்டு மாதமும் ராத்திரி பால்கனி விளக்கை அணையுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள், முழுக்க. ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் பயனில்லை, அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் போய் மோதும். உள்பக்கம் ஒட்டினாலும் பிரதிபலிப்பு மறையாது. பழைய வீவக வீட்டுச் சன்னலில் கம்பியும் துணி காயும் மூங்கிலும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

கண்ணாடிவீடு | 26 அக்டோபர், இரவு 10.00

பால்கனி கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி ஒட்டிவிட்டோம். நானும் இரண்டு பிள்ளைகளும் அளவுகோல் வைத்து, மூன்று மாலை ஆயிற்று. கட்டட நிர்வாகத்துக்கு முகப்பு விளக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, மறுபடி எழுதுவேன்.

நாலாம்மாடி | 30 அக்டோபர், காலை 9.05

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் அம்மாவுக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

ஐயா சொன்ன "ட்ஸிட்" ஓசையை எத்தனையோ காலை காத்திருந்தும் என்னால் பிடிக்க முடியவில்லை. குயிலும் மைனாவும் போடும் சத்தத்தில் அது கரைந்துவிடுகிறது. முந்தாநாள் விடியலுக்கு முன் பலத்த காற்றோடு மழை கொட்டி ஏழு மணிக்கு வெறித்தது. அம்மாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இடதுகையைத் தூக்கி, ஒரு விரலைச் சன்னல் பக்கம் நீட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி விரல். மறுபடி. அம்மா விரலைத் தூக்கும்போதெல்லாம் காதைக் கொடுத்தபோதுதான் கேட்டது: ட்ஸிட்.

என்னைவிட அம்மாவுக்கு முன்னால் கேட்கிறது. செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் வளர்ந்தவர், அந்தக் காலத்தில் அப்பக்கமெல்லாம் ரப்பர் மரமும் புதருமாக இருக்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறார். அந்தக் காது அப்படியே இருக்கிறது. இப்போது காலையில் நான் நோட்டோடு உட்காருகிறேன், அம்மா விரல் தூக்குகிறார், நான் மணி எழுதுகிறேன். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். வலதுகை விரலாலும் முயற்சி செய்யச் சொல்லுங்கள் என்றார்.

வேதாரண்யத்தான் | 30 அக்டோபர், இரவு 10.30

படித்து முடித்ததும் ஊருக்குப் போன் போட்டேன் அக்கா.

இங்கே மாலை லாரி திரும்பும்போது மின்கம்பி நெடுகத் தகைவிலான்கள். எங்கள் அப்பாயி இதைத் தரையில்லாக் குருவி என்பார், தரையில் கால் வைக்காதாம். அறையில் இருப்பவர்களுக்குக் காட்டினேன். இப்போது மூன்று பேர் கூட நின்று எண்ணுகிறார்கள். நேற்று 140 வரை எண்ணினோம், அதற்குள் இருட்டிவிட்டது.

நாலாம்மாடி | 14 நவம்பர், இரவு 9.20

ஐயா, ஒரு சேதி. திங்கட்கிழமை கீழே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், கார் நிறுத்துமிடத்து மரங்களைக் கிளை கழிக்கப்போவதாக. புதன் காலை தூக்குமேடை வண்டி வந்து நின்றது. மேடையில் இருந்த தம்பி எங்கள் சன்னலுக்கு நேரே, பேசினால் கேட்கும் தூரம். தமிழ்ப்பிள்ளை. அந்தப் பட்டுப்போன குச்சியைக் காட்டி, "தம்பி, அதை மட்டும் விட முடியுமா, ஒரு குருவி தினமும் உட்காருது" என்று கேட்டேன். விரல் பருமன்தான் இருக்கும். அவர் குச்சியைப் பார்த்தார், சன்னலுக்குள் அம்மாவைப் பார்த்தார். கீழே மேற்பார்வையாளரிடம் ஏதோ கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு, சுற்றியிருந்த கிளைகளை மட்டும் வெட்டினார்.

நேற்று முழுக்கக் குருவி வரவில்லை. மரமே மொட்டையாகத் தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை அம்மா விரலைத் தூக்கவில்லை. "வந்துட்டான்" என்றார். முழுச் சொல்லாக.

ஈசூன்_கீச்சான் | 14 நவம்பர், இரவு 9.24

அதே குச்சியா? எத்தனை மணிக்கு?

நாலாம்மாடி | 14 நவம்பர், இரவு 9.25

அதே குச்சி ஐயா. 7.18.